உப்பு விசாரணை

நீதிமன்றத்தில் மதிய இடைவேளை. மனைவி இறந்தபின் முதல் தடவையாகத் தானே வைத்த குழம்பை நீதிபதி தம் அறை மேசையில் திறக்கிறார். கட்டுக்கட்டான கோப்புகள்மேல் வெயில் படுத்திருக்கிறது, மின்விசிறி கடகடக்கிறது. காலையில் உப்பு டப்பா அகப்படாததால் அவர் உப்பே போடவில்லை. யாராவது அதைச் சொல்லிவிட மாட்டார்களா என்று ஒரு கரண்டியை டவாலியிடம் நீட்டுகிறார். “உப்பு எப்படிப்பா இருக்கு?” “அளவா இருக்குங்கய்யா!” தட்டச்சர் கண்ணை மூடிக்கொண்டு ருசிக்கிறார். “அம்மா கைப்பக்குவம் அப்படியே இருக்குங்கய்யா!” இரண்டு சாட்சியங்களிலும் முரண்பாடே இல்லை. முப்பது வருடமாக அவர் தீர்ப்புகளைத் தினமும் வீட்டில் ரத்து செய்துவந்தவள் ஒருத்திதான். இருவரும் வாயைத் துடைத்தபடி வெளியேறுகிறார்கள். கதவு சாத்திக்கொள்கிறது. எதிரே காலியாக இருக்கும் நாற்காலியிடம் நீதிபதி மெல்லச் சொல்கிறார்: “உப்பே இல்லடி.”