கொடியின் நிறம்

"இருபத்தொண்ணு," என்றான் அவன்.

பக்கத்தில் நின்ற நெட்டை சிரித்துவிட்டான். வகுப்பில் மற்ற எல்லோரும் அந்தப் பக்கத்தில் எழுபத்து நாலு என்றுதான் படித்திருந்தார்கள்.

உடலியங்கியல் செய்முறை வகுப்பு. முதலாமாண்டு மருத்துவ மாணவர்கள் ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக நின்று, ஒரு புத்தகத்தில் வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. கண் பாடத்திலேயே சுலபமான பயிற்சி இதுதான் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள்.

பேராசிரியை சிரிக்கவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதில் எண்ணே இல்லை என்றான். அதற்கடுத்ததிலும் இல்லை.

"சிவப்பும் பச்சையும் உன் கண்ணுக்குச் சரியாப் பிரிஞ்சு தெரியல. பயப்பட ஒண்ணுமில்லப்பா, நிறைய பேருக்கு இருக்கு."

பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பிப் பாடத்தைத் தொடர்ந்தார். இது பெரும்பாலும் அம்மா வழியாக வருவது. அம்மாவின் பார்வையில் ஒரு குறையும் இருக்காது. அவள் பெற்ற மகனுக்கு வரலாம். அவளோடு கூடப் பிறந்த ஆண்களுக்கும் இருக்கலாம்.

"உனக்குத் தாய்மாமா இருக்காரா?"

"இருந்தாரு மேடம்."

மணி அடித்ததும் கேன்டீனுக்குக் கூப்பிட்ட நெட்டையை அனுப்பிவிட்டு, அவன் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தான்.

மாமா அம்மாவைவிட மூன்று வயது சின்னவர். வாய் மூடாத மனிதர். தக்காளி வாங்கி வரச் சொன்னால் பாதி காயாக இருக்கும். ஒரு காலில் பச்சை சாக்ஸும் இன்னொன்றில் பழுப்புமாகக் கல்யாண வீட்டுக்கே வந்து நிற்பார். "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று அம்மா கேட்பாள். மாமாவும் சேர்ந்து சிரிப்பார். யாருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாதான் காரை ஓட்டினார். முன்னால் பக்கத்து இருக்கையில் அப்பா. பின்னால், பத்து வயதில், இவன்.

சாலையின் ஒரு பாதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகள்தான் போக முடியும். ஓரத்தில் நின்ற வேலையாள், வெயிலில் வெளுத்துப்போன ஒரு கொடியைத் தூக்கிப் பிடித்தார். மாமா வண்டியை விட்டார்.

வளைவில் லாரி.

அப்பா ஆஸ்பத்திரி வரைக்கும்கூட வரவில்லை.

பச்சைதான் காட்டினான் என்று மாமா கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். போலீஸிடம் சொன்னார். நெற்றியில் தையல் போட்ட டாக்டரிடம் சொன்னார். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சிவப்பைத்தான் தூக்கினேன் என்றார் கொடி பிடித்தவர். பின்னால் வந்த வண்டிக்காரர்களும் அதையே சொன்னார்கள்.

இரண்டு வருஷம் உள்ளே இருந்தார். வெளியே வந்து வாசலில் நின்றபோது அம்மா கதவைத் திறக்கவில்லை. கவனிக்காமல் ஓட்டிவிட்டேன் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன், என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னானே என்று உள்ளேயிருந்தபடி அழுதாள். மாமா வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார். பிறகு வரவேயில்லை.

போன வருஷம் மாரடைப்பு என்று செய்தி வந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். போகவில்லை. அவனையும் போகச் சொல்லவில்லை.

அவன் அம்மாவுக்குப் போன் செய்தான். புத்தகம், புள்ளிகள், இருபத்தொன்று, அம்மா வழி, கூடப் பிறந்தவர்கள். ஒன்றையும் விடாமல், தேர்வில் விடை சொல்வதுபோல வரிசையாகச் சொன்னான்.

லைன் அறுந்துவிட்டதா என்று அவன் போனை எடுத்துப் பார்த்தான்.

"அப்போ அவன் பொய் சொல்லல," என்றாள் அம்மா.

"இல்லம்மா."

பிறகு, கணக்கில் ஏதோ இடிக்கிற மாதிரி, மெதுவாகக் கேட்டாள்.

"சிவப்புன்னு நீயும்தானேடா சொன்ன?"



அவன் கண்ணுக்கும் அன்றைக்கு அது பச்சையாகத்தான் தெரிந்தது.

ஆனால் போலீஸ்காரர் கட்டிலருகே வந்து கேட்பதற்குள், அந்த வார்டில் எல்லோரும் சிவப்பு என்று பேசி முடித்திருந்தார்கள். ஊசி போட்ட நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரர், அவரைப் பார்க்க வந்தவர்கள். இத்தனை பெரியவர்கள் சொன்னால் தான் பார்த்ததுதான் தப்பாக இருக்கும் என்று தோன்றியது. மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "சிவப்பு" என்றான்.

மாமா வார்டு வாசலில்தான் நின்றிருந்தார்.

அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பிறகு போலீஸ்காரர் பக்கம் திரும்பினார்.

"மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும். எழுதிக்கோங்க சார்."

அதற்குப் பிறகு அவர் பச்சை என்று யாரிடமும் சொல்லவில்லை. கோர்ட்டில்கூட.