மூடித் திறந்தால்

“மூடித் திறந்தா சத்தம் போயிடுது. இவரு கீழ போட்டுட்டாரு, அதான்” என்று லேப்டாப்பை என் ரிப்பேர் மேசையில் வைத்தார் அந்த அம்மா.

பக்கத்தில், காலர் பட்டன் வரை போட்டுக்கொண்டு நின்ற கணவர், இல்லை என்று தலையாட்டினார். அவரை யார் கேட்டார்கள்?

“சாயங்காலம் சம்பந்தி வீட்டுக்காரங்க முதல் தடவையா வர்றாங்க. அதுக்குள்ள இதைப் பேச வெச்சிரும்மா. ஆஃப் பண்ணி ஆன் பண்றதுக்குள்ள பேச்சே முடிஞ்சு போயிடுது.”

பெண்ணின் படங்களைப் பாட்டோடு ஓடவிட்டுக் காட்டப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூடினேன். திறந்தேன்.

திரை எழுந்தது. ஸ்பீக்கரை இயக்கும் டிரைவர் மென்பொருள் மட்டும் தூங்கப்போனது போனதுதான். தட்டி எழுப்பப் பார்த்தேன். மொத்த லேப்டாப்பும் நீலத் திரையைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது.

விழுந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் கணவன் மனைவிக்கு நடுவில் புகுந்து அதைச் சொல்ல எனக்கென்ன தலையெழுத்து?

புது டிரைவரை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டேன். மூடித் திறந்தேன். ஊஹூம்.

அந்த அம்மா ஓயவில்லை. இவருக்கு எதையும் பத்திரமாகப் பிடிக்கத் தெரியாதாம். போட்டது போதாதென்று ஒன்றும் தெரியாத மாதிரி சிரிப்பு வேறாம். பெண்ணுக்காவது பொறுப்பான மாப்பிள்ளை அமைந்தானே என்று பெருமூச்சு விட்டார். கணவர் சிரித்தபடியே நின்றார். மனிதரை வாயைத் திறக்க விட்டால்தானே என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது.

பிறகுதான் ஒரு செட்டிங் கண்ணில் பட்டது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று, தூங்கும்போது லேப்டாப் ஒலிக்கான சிப்பையும் அணைத்துவிடுகிறது. எழுந்தபின் அதை மறுபடி போட மறந்துவிடுகிறது. அங்கிருந்த டிக்கை எடுத்துவிட்டேன்.

மூடினேன். திறந்தேன். ‘டிங்’ என்றது. நம்பிக்கை இல்லாமல் இன்னொரு முறை மூடித் திறந்தேன். அப்போதும் ‘டிங்’ என்றது.

அந்த அம்மா சட்டென்று பேச்சை நிறுத்தினார்.

கணவர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். எதையோ திறந்து, குனிந்து, அவசர அவசரமாகத் தட்டினார். ஸ்பீக்கரிலிருந்து ஓர் ஆண்குரல், கொஞ்சம் இயந்திரத்தனமாக, ஆனால் தெளிவாக வந்தது.

“நான் கீழ போடல. நீதான் போட்ட.”

அவர் குனிந்ததில் விலகிய காலருக்குள், தொண்டையின் குறுக்கே ஓடிய தையல் தழும்பு தெரிந்தது. பேச்சே முடிஞ்சு போயிடுது என்று அந்த அம்மா சொன்னது எந்தப் பேச்சை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவர் மறுபடி தட்டினார்.

“ரொம்ப நன்றிம்மா. சாயங்காலம் என் பொண்ணைப் பத்தி நானே சொல்லுவேன்.”

இந்த வேலைக்கு வந்ததற்காக நான் சந்தோஷப்பட்ட நாட்கள் குறைவு. அன்று அப்படி ஒரு நாள்.

அந்த அம்மா என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார்.

“ஆமா, நான்தான் போட்டேன். எங்க, இன்னொரு தடவை திட்டுங்க.”