பூச்சுக்குள்ளே மெழுகு வாசம்

மதில் சொன்னதை முருங்கை பல வருஷமாக நம்பவில்லை.

"என் அடி ஓட்டைக்குள்ள கொசுத்தேனீங்க குடியிருந்துச்சு. அசிங்கமா இருக்குன்னு சிமெண்ட் பூசி அடைச்சுட்டாங்க. இன்னும் அந்த ரீங்காரம் காதுலயே நிக்குது" என்று மதில் புலம்பும்.

"உனக்கேது அண்ணே காது?" என்று முருங்கை சிரிக்கும். ஆனால் தேனீ வராமல் பூவெல்லாம் காய் பிடிக்காமல் உதிரும்போது, அந்தப் புலம்பல் நிஜமாக இருக்கக் கூடாதா என்று ஏங்கும்.

இந்த வருஷம் வீட்டுக்காரர் துளசியும் தும்பையும் நட்டார். தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தார். ஒரு கொசுத்தேனீ வந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு மதிலின் அடியையே சுற்றிச் சுற்றி முகர்ந்தது.

"பூ இருக்கு, தண்ணி இருக்கு. பூச்சுக்குள்ளேயிருந்து எங்க மெழுகு வாசம்கூட வருது. வாசலைத்தான் காணோம். வீடில்லாம கூட்டத்தை எப்படிக் கூட்டிட்டு வர்றது?" என்றது.

"போயிடாதேம்மா" என்றது முருங்கை.

"அடுத்த வருஷம் வந்து பாக்குறேன்" என்று தேனீ பறந்துவிட்டது.

முருங்கை மதிலிடம் தயங்கித் தயங்கிக் கேட்டது: "அண்ணே, உனக்கு விரிசல் விட்டுடும். இருந்தாலும், என் வேரை அந்த அடைச்ச ஓட்டைப் பக்கம் நீட்டட்டுமா?"