கிரீஸ் தடவாத பேட்

கழற்றிய கார் சக்கரத்தை என் கால்மேலேயே போட்டுக்கொண்டு நொண்டுகிறேன். காருக்குச் சொந்தக்காரரான அத்தான் நாற்காலியில் சாய்ந்தபடி சிரிக்கிறார். “மச்சானுக்குக் கழட்டத்தான் வருது. மாட்ட வருமா?” நேற்று கூடத்தில் எல்லார் முன்னாலும் கேட்ட அதே கேலி. வெயிலில் டிஸ்க் பளபளக்கிறது. புது பிரேக் பேட்களை மாட்டுகிறேன். அவற்றின் முதுகில் கிரீஸ் மட்டும் தடவவில்லை. பிரேக் நன்றாகவே பிடிக்கும், ஆனால் தெருமுனைக்குத் தெருமுனை கிறீச்சென்று அலறி அத்தான் மானத்தை வாங்கும். எதிராளியைப் பத்திரமாக நிறுத்திவைத்துப் பழிவாங்க என்னால்தான் முடியும். “தினமும் வண்டிய நீங்கதானே ஓட்டுவீங்க?” மறுபடியும் கேட்கிறேன். அத்தான் பதிலுக்குக் கொட்டாவி விடுகிறார். தண்ணீரோடு வந்த அக்கா, மூடி திறக்காத கிரீஸ் டியூபைப் பார்க்கிறாள், பிறகு என்னை. “நாளையிலேர்ந்து நான்தான்டா ஓட்டப்போறேன். ஒழுங்கா கிரீஸத் தடவு.”