நூறு மாறக் கூடாது

ஸ்ஃபாக்ஸ் நகரம் முழுவதும் ஒரே நேரத்தில் மின்சாரம் இழந்து இருண்டுபோவது பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கலாம். அதுவரை காத்திருக்க எங்களுக்கு ஆயுள் போதாது. அதனால் கணினிக்குள் நூறு ஸ்ஃபாக்ஸ்களை ஓடவிடுகிறோம். இருட்டை நெருங்கும் நகரத்துக்கு ஒரு நகல் எடுப்போம். எடுத்த கையோடு வேறொன்றை அழித்துவிடுவோம். நூறு எப்போதும் நூறுதான்.

அன்று காலை ரௌதா அழிக்க மறந்துவிட்டாள். திரையில் நூற்றொன்று நின்றது.

“பெத்துப் போடத் தெரியுது, கணக்கு வைக்கத் தெரியல,” என்றான் முன்ஜி.

“வாய மூடிக்கிட்டுப் போய் காபி வாங்கிட்டு வா,” என்றாள் ரௌதா.

அவன் போனதும் நான் பிழையைத் திருத்தினேன். என் திருத்தம் இதுவரை தவறியதில்லை. இனி எது இரண்டானாலும் இன்னொன்று தானாகவே அழியும்.

முன்ஜி மூன்று காபியோடு வந்தான். ஆரஞ்சுப் பூ நீர் மணந்தது. ரௌதா தன் கோப்பையை எடுத்துக்கொண்டாள். அவன் சிகரெட்டோடு பால்கனிக்குப் போனான்.

நான் திரைக்குத் திரும்பினேன். மறுபடி வாசல் கதவு திறந்தது. முன்ஜி இரண்டு காபியோடு உள்ளே வந்தான்.

“இந்தா, உனக்கொண்ணு, எனக்கொண்ணு. என்ன அப்படிப் பாக்குற?”

பால்கனியில் சிகரெட் புகை இன்னும் எழுந்துகொண்டிருந்தது. நான் ஆட்களை எண்ணினேன். எப்போதும்போல மூன்று பேர். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

முன்ஜி காலியாகக் கிடந்த ரௌதாவின் நாற்காலியில் உட்கார்ந்தான். அதன் முதுகில் கிடந்த பச்சைச் சால்வையை எடுத்துப் பார்த்தான்.

“இது யாருதுப்பா? இன்னும் சூடா இருக்கே.”