பயணி பெயர்: வழக்கம்போல்

"மாமா, 'வழக்கம்போல்'ங்கிறது யாரு பேரு?"

முதலாளி பழைய பதிவேட்டை மேசையில் திருப்பி வைத்தான். டிராவல்ஸ் தொடங்கி நாற்பது வருஷம். விழா மலருக்காக அதன் வரலாற்றை எழுத உட்கார்ந்திருந்தான். அப்பா இறந்து எட்டு மாதம். கேட்டால் சொல்ல மாமா ஒருத்தர்தான் மிச்சம். முதல் நாளிலிருந்து டிக்கெட் போடுகிறவர். உறவு ஒன்றுமில்லை, பழக்கத்தில் மாமா.

"அப்பா எழுதினது தம்பி. விடுங்க."

"எப்படி விடுறது? வருஷா வருஷம் பெரிய லீவுல, ஒரே ஊருக்கு ஒரே ஒரு டிக்கெட். போடச் சொன்னது அந்த ஊர்லேர்ந்து 'டீச்சர்'. பயணி 'வழக்கம்போல்'. பக்கத்துலயே 'ரத்து'ன்னு உங்க கையெழுத்து. ஒரு வருஷம்கூட யாரும் ஏறல. நாம நடத்துனது டிராவல்ஸா, தமாஷா?"

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"டீச்சர் உயிரோட இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அப்ப மேடையில அவங்கதான் உட்காரணும். மத்தவன் எல்லாம் செல்போன்ல டிக்கெட் போட்டுக்கிட்டு நம்மள மறந்துட்டான். ஆரம்பத்துலேர்ந்து நம்மள விடாம பிடிச்சுக்கிட்டு இருக்கிறது இந்த ஒருத்தர்தான். அவங்க இல்லாம வரலாறும் இல்ல, விழாவும் இல்ல."

"கேக்காதீங்க தம்பி. உங்கப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அப்பாதான் போய்ச் சேர்ந்தாச்சே. எந்திரிச்சு வந்தா கேக்கப் போறாரு?"

மாமா சுவரில் மாட்டியிருந்த உலக வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் பட்டுப்பட்டு அதில் கடலெல்லாம் வெளுத்துப் போயிருந்தது.

"சரி, நானே நேர்ல போய் அழைச்சிட்டு வர்றேன். அந்த ஊருக்கு எனக்கு ஒரு டிக்கெட் போடுங்க."

"போட வேண்டாம்."

"மாமா, பிடிவாதம் பிடிக்காதீங்க."

மாமா இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து அவன் முன்னால் நகர்த்தினார்.

"போன வாரமே அவங்க போட்டுட்டாங்க தம்பி. இந்தத் தடவை நான் ரத்து பண்ணல."

பயணி என்ற இடத்தில் அவன் பெயர் இருந்தது. கீழே, பதிவு செய்தவர் என்ற இடத்தில் இருந்த பெயரும் அவனுக்குப் புதிதல்ல: பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து எல்லாப் படிவத்திலும், தாய் என்ற கட்டத்தில், 'காலமானார்' என்று சேர்த்து அவன் எழுதி வந்த பெயர்.