சனிக்கிழமைப் புகார்

"உங்க குரங்குங்களை நீங்களே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க, மிஸ் வெல்டா! இல்லேன்னா திங்கக்கிழமை அந்த அத்தி மரம் இருக்காது."

குரங்கு கடித்துப் போட்ட மாம்பழம் ஒன்றைத் தூக்கிக் காட்டினார் அஸ்வல்.

வெல்டா சைக்கிளை வேலியில் சாய்த்தாள். பெலீஸ் ஆற்றங்கரை மரங்களைக் குரங்குகளுக்காக வெட்டாமல் விடுவதென்று ஊரே வாக்குக் கொடுத்திருந்தது. அதைக் கட்டிக் காக்கும் பெண்கள் சங்கத்தில் அவளும் ஒருத்தி. யார் தோட்டத்தில் குரங்கு புகுந்தாலும் சங்கத்து ஆள் வந்து, வெயில் தாழும்வரை உட்கார்ந்து விரட்ட வேண்டும்.

"அத்தியை வெட்டிட்டா அதுங்க காட்டுக்குப் போக வேற வழியே இல்ல. பாவம் இல்லையா?"

"என்னை யாரு பாவம் பார்க்கிறா? போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

"போன வாரம் நான் சுட்ட ஜானி கேக் ரொட்டியைத் தின்னுட்டுத்தானே திட்டினீங்க?"

"உப்பு தூக்கல். அதையும் புகார்ல சேர்த்துக்குங்க."

சனிக்கிழமைதோறும் இதே பாட்டுதான். அவர் காபி போடுவார். அவள் தட்டைத் தட்டிக் குரங்கு விரட்டுவாள். சிகாகோவுக்குப் போன மகனைப் பற்றி அவர் பேச மாட்டார். லாஸ் ஏஞ்சல்ஸ் மகளைப் பற்றி அவளும் வாய் திறக்க மாட்டாள். பேசி என்ன ஆகப்போகிறது?

"இனிமே உங்களுக்கு விடுதலை, மிஸ்டர் அஸ்வல். சங்கத்துல தகரம் வாங்கிட்டோம். மாமரம் தனியாத்தானே நிக்குது? அடிமரத்தைச் சுத்தித் தகரம் அடிச்சா ஒரு குரங்கும் ஏற முடியாது. வழுக்கிடும்."

"அப்போ நீங்க?"

"நான் எதுக்கு? குரங்கே வரலேன்னா காவலுக்கு என்ன வேலை?"

அஸ்வல், கரையில் நீலக் கயிற்றால் கட்டிக் கிடந்த தன் படகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லது" என்றார்.

தகரம் அடித்து முடிக்கும்வரை அவரிடமிருந்து ஒரு வசவுகூட வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை பழக்கதோஷத்தில் வெல்டா ஜானி கேக் சுட்டுவிட்டாள். ரேடியோவைப் போட்டுக்கொண்டு காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து ஒன்றைப் பிட்டு வாயில் வைத்தாள். உப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அழுகைதான் வந்தது.

பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"அங்க உங்க ஆளு வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறாரு! மாமரம் பூரா குரங்காம். உங்க தகரம் தண்டமாம்!"

வெல்டா கேக்கைப் பொட்டலம் கட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தாள்.

தகரம் அடித்தபடியே இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. மேலேயோ, கூட்டமே உட்கார்ந்து மாம்பழம் தின்றுகொண்டிருந்தது. எப்படி ஏறியிருக்கும்? அண்ணாந்து பார்த்தாள்.

அத்தி மரத்திலிருந்து மாமரத்துக்கு ஒரு நீலக் கயிறு ஓடியது. ஆற்றோரம் படகு, கட்ட வழியில்லாமல் மணலில் ஏற்றிப் போடப்பட்டிருந்தது.

கயிற்றைக் கிளை வழியே கீழே இறக்கி அத்தி அடிமரத்தில் போட்ட முடிச்சு கொஞ்சம் தளர்ந்திருந்தது. வெல்டா யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். முடிச்சை நன்றாக இறுக்கிக் கட்டினாள். பிறகு வீட்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்:

"இன்னிக்கு எத்தனை மாம்பழம் போச்சு, மிஸ்டர் அஸ்வல்?"